பயோடெக் படிப்பவருக்குக் காற்றுச் சுத்திகரிப்பில் வேலை உண்டா?

மூன்றாமாண்டு பயோடெக் படிக்கும் உங்கள் மகள் பயோஃபில்டரை (ஆலைக் காற்றிலுள்ள ரசாயன ஆவியை நுண்ணுயிர்களால் சிதைக்கும் வடிகட்டியை) ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கட்டும். ஆனால் ‘பயோஃபில்டர் இன்ஜினீயர் தேவை’ என்று விளம்பரம் வருமெனக் காத்திருக்க வேண்டாம். பெயிண்ட், அச்சு, மருந்து ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைக்கும் நிறுவனங்கள், நாக்பூரிலுள்ள நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள்தான் இதற்கான இடங்கள். அங்கே பாக்டீரியாவின் பெயரைவிடக் கணக்குக்கே மதிப்பு.

கணக்கு இதுதான். 10 செ.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் 60 செ.மீ. உயரத்துக்குக் கம்போஸ்ட்டும் மரச்சில்லும் நிரப்பினால் படுகை 4.7 லிட்டர். நிமிடத்துக்கு 4.7 லிட்டர் காற்று விட்டால் தங்கும் நேரம் ஒரு நிமிடம். அந்தக் காற்றில் கனமீட்டருக்கு அரை கிராம் டொலுயீன் (பெயிண்ட்டில் கலக்கும் கரைப்பான்) இருந்தால், ஒரு கனமீட்டர் படுகைக்கு மணிக்கு 30 கிராம் சுமை.

டொலுயீனோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம். ஆலையில் வருவது கலவை. அதிலுள்ள மற்ற கரைப்பான்களான எத்தில் அசிட்டேட்டும் மெத்தில் எத்தில் கீட்டோனும் நீரில் எளிதாகக் கரையும். நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அவற்றையே முதலில் தின்னும். டொலுயீன் பின்னால் நிற்கும். குழாயின் மூன்று நான்கு உயரங்களில் மாதிரி எடுக்கத் துளை வைத்தால் இது அப்படியே தெரியும்.

தொடக்க நாள்களில் 90 சதவீதம் நீங்கியதாகக் காட்டினால் நம்ப வேண்டாம். கம்போஸ்ட் ஆவியை உறிஞ்சி வைத்திருக்கக்கூடும். ரப்பர் குழாயும் அதையே செய்யும், டெஃப்லான் போடுங்கள். நுண்ணுயிர்தான் வேலை செய்கிறதா என்பதை வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சொல்லும்.

அடுத்த தலைவலி ஈரம். ஆவி சிதையும்போது வெப்பம் வருவதால், ஈரப்படுத்திய காற்றை விட்டாலும் நுழைவுப் பக்கம் காயும். காய்ந்த படுகையில் விரிசல் விழும், காற்று அதன் வழியே தப்பிவிடும். 40 முதல் 60 சதவீத ஈரம் வேண்டும். மருந்து ஆலையில் வரும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வேறு ரகம்: சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி பிஎச் சரியும். அதற்கு நீர் சுழலும் ட்ரிக்ளிங் ஃபில்டரே பொருந்தும்.

விருப்பப் பாடமாக மாஸ் ட்ரான்ஸ்ஃபர் (காற்றிலிருந்து நீருக்கு என்பதுபோல் பொருள் இடம் மாறுவதைக் கணக்கிடும் பாடம்) எடுக்கச் சொல்லுங்கள். எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் பயோடெக் தாளோடு, 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தாளும் இருக்கிறது. எம்.டெக் சேர்க்கைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பணிக்கும் எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். எல்லாவற்றிலும் பயோடெக் இருக்காது.

கல்லூரியில் கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையிலுள்ள ஆவிகளைப் பிரித்து அளக்கும் கருவி) ஓடுகிறதா என்று தலைப்பைப் பதிவு செய்யுமுன் விசாரியுங்கள். கையடக்க பிஐடி மீட்டர் (புற ஊதா ஒளியால் ஆவியை அளக்கும் கருவி) மொத்த ஆவியைத்தான் காட்டும், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.