வாக்கி-டாக்கி கன்சோல்: கொட்டேஷனில் இல்லாத கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆலையின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறைக்கு, எல்லா வாக்கி-டாக்கி சேனல்களையும் ஒரே மேசையிலிருந்து கேட்டுப் பேசும் கன்சோல் வாங்குகிறோம். பாதுகாப்பு, தீயணைப்பு, பராமரிப்பு என மூன்று சேனல். கம்ப்யூட்டரில் மென்பொருள் போட்டு, ரேடியோவை சவுண்ட் கார்டில் செருகினால் போதும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் தனி ஆடியோ பெட்டியோடு தருகிறார், விலை பல மடங்கு. இருவரும் காட்டிய திரை ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

தீயணைப்புச் சேனல் இருப்பதால், கொடுக்கலாம் என்பேன். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ரேடியோ ஒரு கட்டடத்தில், கன்சோல் வேறொன்றில் என்றால் இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. ஆடியோ வயரின் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) அந்த இரண்டையும் இணைத்துவிட்டால் அதில் மின்னோட்டம் ஓடும். பேச்சுக்குப் பின்னால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். நல்ல கன்சோலில் ஒவ்வொரு சேனலுக்கும் 600 ஓம் டிரான்ஸ்பார்மர் இருக்கும். பேச்சு காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், எர்த் இரண்டும் சேராது. ஜோடிக் கம்பியில் வழியில் ஏறும் இரைச்சலும் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறுவதால் டிரான்ஸ்பார்மரில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். சவுண்ட் கார்டின் 3.5 மி.மீ. ஜாக்கில் இந்த வசதி கிடையாது. (கம்ப்யூட்டரின் 'டிங்' அறிவிப்பு ஒலிகளை அணைக்க மறந்தால் அவையும் காற்றில் ஏறி எல்லார் கையிலும் ஒலிக்கும். அது தனிக்கதை.)

அடுத்தது மைக். அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கிய பிறகு கம்ப்ரஸர் என்ற சுற்று வரவேண்டும். ஒருவர் மைக்கை வாயோடு ஒட்டிக் கத்துவார், இன்னொருவர் நாற்காலியில் சாய்ந்து முணுமுணுப்பார்; இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவாக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் அவசரத்தில் கத்தும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், பேச்சு ரேடியோவில் நசுங்கிப் புரியாமல் போகும்.

கேட்கும் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சேனல் ஒன்றில் ஒலிக்கும், மற்ற எல்லாச் சேனலும் இன்னொன்றில் ஒலிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது என்பதை வைத்தே ஆபரேட்டர் பிரித்துக்கொள்வார். அந்த இரண்டாவது ஸ்பீக்கரின் ஒலியை முழுக்கப் பூஜ்யமாக்க முடியாதபடி ஒரு கீழ்வரம்பு வைக்கலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இரவு ஷிப்டில் யாராவது தீயணைப்புச் சேனலை நிசப்தமாக்கிவிட்டுத் தூங்கினால் எந்தத் திரையும் உதவாது.

பக்கத்து மேசையில் இன்னொரு கன்சோலும் வரப்போகிறது என்றால், ஒருவர் பேச பட்டனை அழுத்தியதும் அடுத்தவரின் ஸ்பீக்கரில் அந்தச் சேனல் மட்டும் தானாக அடங்க வேண்டும். இல்லையேல் அந்த ஒலி மைக்கில் திரும்ப நுழைந்து வீறிடும். கணினி வலையமைப்பு வழியாகப் போகும் கன்சோல்களில் பேச்சு சற்றுத் தாமதமாக வருவதால் வீறிடலோடு எதிரொலியும் சேரும். டெமோவைக் கடைக்காரர் அறையில் பார்க்காமல், உங்கள் ரேடியோவில், உங்கள் வயரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் டோன் ரிமோட் வகைப் பழைய கன்சோல் இருக்கிறது; கம்பி வழியே ஒலிக் குறிகளை அனுப்பித் தொலைவிலுள்ள ரேடியோவை இயக்கும் வகை அது. பேசிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்மிஷன் நடுவில் அறுந்துபோகிறது. கன்சோலையே மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர்.

பொறுங்கள். இந்த வகையில் பட்டனை அழுத்தியதும் 2175 ஹெர்ட்ஸ் ஒலி உரக்க ஒரு கணம் போகும், வழக்கமாக 120 மில்லிவினாடி. பிறகு எந்த வேலை என்று சொல்லும் 40 மில்லிவினாடி ஒலி. முதல் அலைவரிசையில் பேச அது பெரும்பாலும் 1950 ஹெர்ட்ஸ். அதன்பின் நீங்கள் பேசும் நேரம் முழுக்க அதே 2175 ஹெர்ட்ஸ் ஒலி, முதலில் போனதைவிட 30 டெசிபல் தணிந்து, அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அது கேட்கும்வரைதான் பேஸ் ஸ்டேஷன், அதாவது கம்பியின் மறுமுனையில் இருக்கும் ரேடியோ, டிரான்ஸ்மிட் செய்யும். கம்பியில் ஈரம் இறங்கியோ ஜாயின்ட் துருப்பிடித்தோ சிக்னல் குறைந்தால், உரத்த ஒலி போய்ச் சேர்ந்துவிடும்; மெல்லிய ஒலிதான் முதலில் தொலையும். ஆகவே தொடங்கும், நடுவில் நிற்கும். இரண்டு முனையிலும் லைன் அளவை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கன்சோலின் அளவு சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கொட்டேஷன் கேட்கலாம்.

பேச்சின் பின்னால் மெல்லிய விசில் தொடர்ந்து கேட்கிறது என்றால் கதை வேறு. அந்த ஒலியை வடிகட்ட வேண்டிய பேஸ் ஸ்டேஷன் பில்டர் சரியாக இல்லை. அதற்கும் கன்சோலை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: பழைய ஹெட்செட்டையே புதிய கன்சோலில் பயன்படுத்தலாமா?

பிளக் பொருந்துவது மட்டும் போதாது. டெலிபோன் காலத்துக் கார்பன் மைக்குக்கும், அதைப்போல நடந்துகொள்ளும்படி செய்த ஹெட்செட்டுகளுக்கும் கன்சோல் டிசி மின்சாரம் தர வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம், அதன் சிக்னலும் மிகவும் சிறியது. கன்சோலின் ஜாக்கில் டிசி உண்டா, அதைத் தேர்ந்தெடுக்க ஜம்பர் (சர்க்யூட் பலகையில் செருகி மாற்றும் சிறு இணைப்பு) இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.