பேன் தலையும் காதுக்குப் பின்னால் கட்டியும்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கூல் திறந்ததிலிருந்து தலையெல்லாம் பேனும் ஈரும். எத்தனை முறை வாரி எடுத்தாலும் திரும்ப வருகிறது. சொறிந்து சொறிந்து பின்கழுத்தில் புண்ணாகி நீர் வடிகிறது. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை இரண்டு நாள் கொடுத்தேன். இப்போது காதுக்குப் பின்னால் இரண்டு கட்டிகள் கையில் தட்டுப்படுகின்றன. போனில் தேடினால் கேன்சர் என்று வருகிறது, தூக்கமே இல்லை. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார் மாமியார். பேன் ரத்தத்தை உறிஞ்சியே குழந்தை இளைத்துவிடுவாளா? மொட்டை அடித்துவிடலாமா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை

மருத்துவர் பதில்:

அம்மா, கேன்சர் பயத்தை முதலில் விடுங்கள். தலைத்தோலில் புண் வந்தால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும். புண்ணிலிருந்து வரும் கிருமியை மேலே பரவவிடாமல் தடுப்பது அங்கே இருக்கும் நிணநீர் முடிச்சுகளின் வேலை. அந்த வேலை கூடும்போது அவை வீங்கும். இப்படி வருகிற கட்டி தொட்டால் வலிக்கும், விரலுக்கு அடியில் நகரும், புண் ஆறியபின் சில வாரங்களில் சுருங்கிவிடும். வலியே இல்லாமல் கெட்டியாக வளர்ந்துகொண்டே போனாலோ, புண் ஆறி ஒரு மாதமாகியும் குறையாவிட்டாலோ பரிசோதிக்க வேண்டும். அதை டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வார். செல்போன் தொட்டுப் பார்த்துச் சொல்லாது. ராத்திரி முழுக்க அதில் தேடி நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயம்: பின்கழுத்துப் புண்ணில் வடிகிற நீர். முடியை விலக்கி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பொருக்கு தட்டி, நாலைந்து முடி அதில் ஒட்டிக்கொண்டு, அடியில் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் கிருமி தொற்றிவிட்டது என்று அர்த்தம். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். காய்ச்சல் இருந்தாலோ, புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கிப் பரவினாலோ நாளைவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தோல் புண், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். புண் வந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், பல சமயம் புண் ஆறி எல்லோரும் மறந்த பிறகு, இது தலைகாட்டும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி முகம் உப்பியிருக்கும். சிறுநீர் பால் சேர்க்காத டீ நிறத்தில், குறைவாகப் போகும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'முன்னால் தலையில் புண் இருந்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் அதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

மிச்சமிருந்த சிரப்பைக் கொடுத்தது தவறு. அது எந்தக் கிருமிக்கு எழுதிய மருந்து, கலக்கி எத்தனை நாள் ஆனது, அவள் எடைக்கு எவ்வளவு என்று எதுவும் தெரியாமல் இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால் புண் ஆறாது. டாக்டரிடம் அந்த பாட்டிலையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற அரிப்பு க்ரீமும் வேண்டாம். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும்.

சீத்தாப்பழ விதை கூடவே கூடாது. அதன் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். இப்படித் தலைக்குப் பூசப் போய்த்தான் பலருக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. மாமியாரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கற்பூரம் கலந்த எண்ணெய், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும்.

சரி, பேனுக்கு வருவோம். பின்கழுத்து ரணமாக இருக்கும்வரை பேன் மருந்து எதுவும் போட வேண்டாம். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஓட்டுங்கள். புண் பக்கம் சீப்பு போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்தால் எத்தனை வருகிறது என்று தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரமாவது செய்யுங்கள்.

புண் ஆறியபின் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்தை, ஒரு சதவீத லோஷனாகப் போடலாம். கண்டிஷனர் இல்லாத ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் ஒற்றி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விடாமல் தடவி, பத்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். ஒன்பதாம் நாள் இன்னொரு முறை. அந்த இரண்டாம் முறையை விடுவதால்தான் பலருக்குப் பேன் 'திரும்ப' வருகிறது. மருந்து பேனைக் கொல்லும், ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. ஈர் பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அப்புறம் இன்னொன்று: அவள் பாட்டியோடு ஒரே பாயில் படுக்கிறாளா? வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், பேன் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கே வைத்தியம். தலையணை உறையையும் சீப்பையும் வெந்நீரில் அலசினால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது.

வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் காலி முட்டைதான், அதற்காக மருந்து போடாதீர்கள். பேன் குடிக்கிற ரத்தத்தால் உங்கள் பெண் இளைக்க மாட்டாள். சரியாகச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள்.

மொட்டை தேவையில்லை. வேண்டுதல் என்றால் அது உங்கள் விருப்பம், பேனுக்காக வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை மொட்டைத் தலையோடு ஸ்கூலுக்குப் போனால் என்னென்ன கேலி கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீப்பு ஓட்டச் சிரமமாக இருந்தால் தோள்வரை வெட்டிவிடலாம், அதுவும் அவளிடம் கேட்டுவிட்டு.