ஒரே ஒரு நல்ல கத்தி வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் நான்கைந்து கத்திகள் இருக்கின்றன, ஒன்றும் ஒழுங்காக நறுக்குவதில்லை. எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு ஒரே ஒரு நல்ல செஃப் கத்தி வாங்கலாம் என்று தேடினால் ஜெர்மன், ஜப்பான், டமாஸ்கஸ், 67 அடுக்கு, ஹை கார்பன் என்று தலை சுற்றுகிறது. எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். இருக்கிற கத்திகளில் கொஞ்சம் பெரியதாக, பிடிக்கத் தோதாக இருப்பதை எடுத்து நன்றாகச் சாணை பிடிக்கக் கொடுங்கள். நிறையப் பேருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும், கத்தி மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். சாணை பிடித்த பிறகும் திருப்தி இல்லையென்றால் ஒரு தடித்த கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி பாதிவரை சுலபமாக இறங்கி, அதற்குமேல் ‘டக்’கென்று கேரட் பிளந்துகொண்டு போனால் அது கூரின் குறையில்லை, தகட்டின் தடிமன். கூருக்குச் சற்று மேலேயே தகடு தடித்திருந்தால் அது வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கத்தான் செய்யும். மேலோட்டமாகச் சாணை பிடிப்பதால் அது மாறாது. இப்போது புதுக் கத்தி வாங்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

அதனால்தான் எஃகின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே தகட்டைப் பாருங்கள் என்கிறேன். முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, முதுகிலிருந்து கூர் வரை தகடு எப்படிச் சன்னமாகிக்கொண்டே வருகிறது என்று கவனியுங்கள். முதுகு 2 மில்லிமீட்டரோ 3 மில்லிமீட்டரோ, அது பெரிய விஷயமில்லை. கூருக்கு மேலே அரை சென்டிமீட்டர் உயரத்தில் தடித்திருக்கக் கூடாது. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை, படத்திலும் தெரியாது. முடிந்தவரை கையில் எடுத்துப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது கை. கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தகட்டின் அடிப்பகுதியை இருபக்கமும் கிள்ளிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும், சமையல்காரர்கள் பிடிப்பது அப்படித்தான். அப்படிப் பிடித்துப் பலகைமீது நறுக்குவதுபோல அசைத்துப் பாருங்கள். விரல் முட்டி பலகையில் இடித்தால் தகடு உங்கள் கைக்கு அகலம் போதாது. முதுகின் ஓரம் விரலை அறுப்பதுபோல இருந்தாலும் வேண்டாம், கடையில் லேசாக உறுத்துவது வீட்டில் ஒரு கிலோ வெங்காயம் நறுக்கும்போது கொப்புளமாகிவிடும். நீளம் 20 சென்டிமீட்டர் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். சின்னக் கை, சின்னப் பலகை என்றால் 18 போதும். கனமான கத்திதான் தரமானது என்பது வெறும் நம்பிக்கை, கனம் பிடிக்குமா பிடிக்காதா என்பது அவரவர் கையைப் பொறுத்தது.

சரி, எஃகு. கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள், எச்ஆர்சி என்று போட்டிருக்கும். ஜெர்மன் பாணிக் கத்திகள் பொதுவாக 56 முதல் 58 வரை, ஜப்பான் பாணிக் கத்திகள் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. எண் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கடினமான எஃகில் கூர் நீண்ட நாள் நிற்கும், பக்கத்துக்கு 15 டிகிரி, அதற்குக் குறைவான கோணத்தில்கூடத் தீட்டலாம், ஆனால் எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டால் கூர் சில்லு சில்லாகப் பெயரும். மென்மையான எஃகில் கூர் பெயராது, மடங்கும். மடங்கியதை நிமிர்த்திவிடலாம், பெயர்ந்ததைச் சாணைக் கல்லில் தேய்த்துத்தான் சரி செய்ய வேண்டும். வீட்டில் நீங்கள் மட்டும்தான் கத்தியைத் தொடுவீர்கள், கழுவித் துடைத்து வைப்பீர்கள் என்றால் 60 சரி. நான்கு பேர் எடுத்து நான்கு விதமாக வெட்டி, பாத்திரங்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போகிற வீடென்றால் 56-தான் உங்கள் கத்தி.

‘ஹை கார்பன்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். ஜெர்மன் கத்திகளில் பரவலாகப் பயன்படும் 1.4116 என்ற எஃகில் கரிமம் சுமார் 0.5 சதவீதம்தான், விஜி-10 என்ற ஜப்பான் எஃகில் ஏறக்குறைய 1 சதவீதம். இரண்டையும் ஹை கார்பன் என்றே விற்கிறார்கள். எஃகின் பெயரையே போடாமல் ‘உயர்தர ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கே கொஞ்சம் யோசியுங்கள்.

டமாஸ்கஸ் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இப்போது வரும் அடுக்குக் கத்திகளில் வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றை எஃகுதான், அலை அலையாகத் தெரிவது அதற்கு இருபுறமும் போர்த்திய உலோகம். 67 அடுக்கு 33 அடுக்கைவிட நன்றாக வெட்டும் என்பதெல்லாம் கிடையாது. இன்னும் மலிவானவற்றில் அடுக்கே இருக்காது, லேசரில் கோடு கீறியிருப்பார்கள். ஒரே மாதிரியான இரண்டு கத்திகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோடுகள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் அது அந்த ரகம்.

கேள்வி: சுத்தியால் அடித்துச் செய்த கத்தியா, தகட்டிலிருந்து வெட்டியெடுத்த கத்தியா? எல்லோரும் முதலாவதுதான் உசத்தி என்கிறார்கள்.

பதில்: பழைய கதை. எஃகும் அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய விதமும் சரியாக இருந்தால் வெட்டியெடுத்த கத்தியும் அருமையாக நறுக்கும், எடையும் குறைவு. அடித்துச் செய்த கத்திகளில் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. கைப்பிடியும் தகடும் சேரும் இடத்தில் சிலவற்றில் தடித்த உலோகக் கட்டி ஒன்று கூர் வரைக்கும் இறங்கியிருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வருடக்கணக்கில் தீட்டத் தீட்டக் கூர் மேலே ஏறும், கட்டி மட்டும் அப்படியே நிற்கும். அப்புறம் கத்தியின் பின்பகுதி பலகையைத் தொடாது, வெங்காயத் துண்டுகள் அடியில் அறுபடாமல் ஒட்டிக்கொண்டே வரும். கட்டி பாதியோடு நிற்கிற கத்தியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சான்டோகு என்ற ஜப்பான் பாணிக் கத்தி வாங்கலாமா?

பதில்: கத்தியை மேலிருந்து கீழே நேராக இறக்கி நறுக்குகிறவர் என்றால் தாராளமாக. சான்டோகு பொதுவாக 16 முதல் 18 சென்டிமீட்டர், கூர் ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். முனையைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி நறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வளைவுள்ள செஃப் கத்திதான் தோது.

கேள்வி: புதுக் கத்தியோடு ஒரு நீளமான இரும்புக் கோலும் கொடுத்தார்கள். வாரா வாரம் அதில் தேய்க்கிறேன். முதலில் பலன் தெரிந்தது, இப்போது எவ்வளவு தேய்த்தாலும் தக்காளித் தோலில் கத்தி வழுக்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, அது என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கோல் முக்கியமாக மடங்கிய கூரை நிமிர்த்துகிறது. நிமிர்த்த நிமிர்த்தக் கூர் தேய்ந்து மொட்டையாகிவிடும், அதன் பிறகு நிமிர்த்த எதுவும் இருக்காது. அப்போது கல்தான் வேண்டும். (உங்கள் கத்தி 60-க்கு மேல் கடினமுள்ளது என்றால் வரி வரியாக இருக்கும் அந்த இரும்புக் கோலைத் தொடவே வேண்டாம், பீங்கான் கோல் பயன்படுத்துங்கள்.)

கல்லில் 1000 என்று எண் போட்ட ஒன்று போதும். எண் கூடினால் கல் வழவழப்பு. 3000, 6000 எல்லாம் மெருகுக்கு, கை பழகிய பிறகு ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். கோணம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. அதற்கு ஒரு கணக்கு உண்டு: தகட்டின் அகலம் நாலரை சென்டிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து சுமார் 1.2 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி, ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 20. இன்னும் சந்தேகமாக இருந்தால் கூரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிட்டு இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. கூரின் நுனியில் மை அப்படியே இருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள்.

எப்போது நிறுத்துவது? ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் கூரின் நெடுக மெல்லிய பிசிறு கிளம்பும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கட்டை விரலை முதுகுப் பக்கமிருந்து கூரைத் தாண்டி வெளியே வழித்தால் (கூரின் நெடுக அல்ல!) சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து முனை வரை அது வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முன்பே திருப்புவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு, மணிக்கணக்காகத் தேய்த்தும் கூர் வரவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். மறுபக்கமும் பிசிறு வந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றி லேசாக இழுத்து அதை எடுத்துவிடுங்கள்.

நடுவில் கத்தியை விட்டு இழுக்கும் சின்னக் கருவி வேகமாக வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலிருக்கும் உலோகத் துண்டு கூரை வழிப்பதைவிடப் பிய்ப்பதுதான் அதிகம், அதனால் அந்தக் கூர் சீக்கிரம் போகும், கத்தியும் சீக்கிரம் தேயும். விலை குறைந்த கத்திக்கு ஓட்டுங்கள், நல்ல கத்திக்கு வேண்டாம். இன்னொன்று, எதன்மேல் வைத்து நறுக்குகிறீர்கள்? கண்ணாடிப் பலகை, கருங்கல் மேடை, ஸ்டீல் தட்டு என்றால் எந்தக் கல்லும் உங்களைக் காப்பாற்றாது. மரம் அல்லது பிளாஸ்டிக், வேறெதுவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்ற கத்தியில் துருப் புள்ளிகள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்தான் போடுகிறோம். கடைக்காரர் மாற்றித் தர முடியாது என்கிறார். துருப்பிடிக்காது என்றுதானே ஸ்டெயின்லெஸ் வாங்கினோம்?

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் இதில் கடைக்காரர் பக்கம்தான் வலுவாக இருக்கிறது. எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் அதை ஸ்டெயின்லெஸ் என்பார்கள். அந்தக் குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. உப்பும் சூடும் ஈரமும் மணிக்கணக்கில் சேர்ந்து தாக்கினால் படலம் அங்கங்கே விட்டுப்போகும், கத்தி எஃகில் அது இன்னும் சுலபம். இயந்திரத்துக்குள் கத்தி மற்ற பாத்திரங்களில் இடித்துக் கூரும் போகும், மரக் கைப்பிடி என்றால் வெடிக்கும். உத்தரவாத அட்டையை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், இயந்திரத்தில் போட்டால் உத்தரவாதம் கிடையாது என்று பல நிறுவனங்கள் அச்சிட்டே கொடுக்கின்றன. அதற்கு மாறாக ‘இயந்திரத்தில் போடலாம்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் கதை வேறு, அதைப் படமெடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள், விடாதீர்கள். புள்ளிகளைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் போய்விடும், குழி விழுந்திருந்தால் மட்டும் போகாது.

கேள்வி: மரத் தாங்கியோடு 12 கத்திகள் பாதி விலையில் வருகின்றன. வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு செஃப் கத்தி, தோல் சீவ ஒரு சின்னக் கத்தி, ரொட்டி வெட்டுகிற வீடென்றால் பல்லுள்ள ஒன்று. மீதி ஒன்பதும் தாங்கியில் தூசி படியும்.

கேள்வி: நேரில் பார்க்க வழியில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். பெட்டி வந்ததும் என்ன பார்க்கலாம்?

பதில்: எதையும் வெட்டுவதற்கு முன்னால் பாருங்கள், பயன்படுத்திய கத்தியைத் திருப்பி எடுக்க மறுப்பார்கள். முதுகுப் பக்கமிருந்து முனையை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள், தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். கூரைச் சமதளமான மேடையில் லேசாக நிறுத்தி, அடியிலிருந்து முனைவரை மெதுவாக உருட்டிக்கொண்டே போங்கள், பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். வளைவு ஒழுங்காக இருந்தால் தொடும் இடம் சீராக நகரும். நடுவில் எங்காவது தொடாமல் வெளிச்சம் கசிந்தால் அங்கே அதிகம் தேய்த்துவிட்டார்கள், அந்த இடம் நறுக்கவே நறுக்காது. கைப்பிடி ஒட்டும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், இடைவெளி இருந்தால் தண்ணீர் இறங்கும். நீங்கள் இடதுகைக்காரர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சில ஜப்பான் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருக்கும், அவை பெரும்பாலும் வலதுகைக்கானவை, உங்கள் கையில் வெட்டுக் கோணலாகப் போகும். இரண்டு பக்கமும் தீட்டியதுதானா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.