வண்டிக்கு 50 ரூபாய் வாங்கினால் குப்பை குறையுமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் டீக்கடையும் நாலு அறையும் வைத்திருக்கிறேன். சீசன் வந்தால் எங்கள் ஊர் வியூபாயிண்ட் சரிவு முழுக்க சிப்ஸ் பாக்கெட்டும் கீழேயிருந்து கொண்டுவரும் பாட்டிலும்தான். வண்டிக்கு 50 ரூபாய் பசுமைக் கட்டணம் வாங்கி, ஆள் வைத்துப் பொறுக்கலாம் என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். சரியாக வருமா?

பதில்: நல்ல எண்ணம்தான், ஆனால் இந்த வடிவத்தில் வேண்டாம். முதலில், கடைக்காரர்கள் சேர்ந்து ரோட்டில் நின்று கட்டணம் வாங்க முடியாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 265-வது பிரிவு சொல்கிறது, அதனால் எதைச் செய்தாலும் ஊராட்சித் தீர்மானம் வழியாகத்தான் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுத்தமாக வந்து போகிற குடும்பத்துக்கும் 50 ரூபாய், பத்து பாக்கெட்டைப் பிரித்துச் சரிவில் வீசுகிறவருக்கும் அதே 50 ரூபாய் என்றால், உள்ளே வந்த பிறகு வீசாமல் இருக்க யாருக்கு என்ன காரணம் இருக்கிறது? சொல்லப்போனால் "அதான் காசு கொடுத்தாச்சே, பொறுக்கிக்குவாங்க" என்ற தைரியம்தான் வரும். அடுத்தவர் தலையில் விழும் நஷ்டத்தை, அதை உண்டாக்கும் செயலின் விலையிலேயே ஏற்ற வேண்டும் என்று ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-லேயே எழுதிவிட்டார். 2002-ல் அயர்லாந்து ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி போட்டது, பைகளின் உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பை கேட்கும் அந்த நிமிஷத்தில் காசு போனதால்தான் அது நடந்தது. கடைக்குள் நுழைய ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால், பை உபயோகம் அப்படியேதான் இருந்திருக்கும்.

சரி, அபராதம்? கையும் களவுமாகப் பிடித்தால்தான் அபராதம். பனி இறங்கிய சாயங்காலத்தில் அந்தச் சரிவில் யார் நின்று பிடிப்பது?

உங்கள் இடத்துக்குப் பொருந்துவது டெபாசிட்தான். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு இதைத்தான் செய்தார்கள். காட்டில் கிடக்கும் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றம் தலையிட்டது, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், குடித்தவரே கொண்டுவர வேண்டும் என்று இல்லை, வழியில் பொறுக்கியவர் கொடுத்தாலும் காசு அவருக்கு. கண்காணிக்கும் வேலையை அந்த 10 ரூபாயே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஊருக்கு இப்படி யோசியுங்கள். சில உயிரியல் பூங்காக்களின் வாசலில் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்குவார்களே, அதையே வியூபாயிண்ட் பார்க்கிங் வாசலில் ஊராட்சி மூலமாகச் செய்யலாம். பை, வண்டியில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பாட்டிலுக்கும் ஸ்டிக்கர், தலா 10 ரூபாய், போகும்போது காலியைக் காட்டினால் முழுப் பணமும் கையில். நூறு ஸ்டிக்கரில் எண்பது திரும்பினால் 200 ரூபாய் மிச்சம் நிற்கும், அது சரிவில் இறங்கி மீதியைப் பொறுக்கி வருகிறவருக்கு. உங்கள் கடையில் விற்கும் பாக்கெட்டுக்கும் இதே டெபாசிட் இருக்க வேண்டும், ஆனால் ரசீதில் 'டெபாசிட்' என்று தனியாக எழுதுங்கள், விலையோடு சேர்த்தால் எம்ஆர்பிக்கு மேல் விற்கிறார்கள் என்று சண்டை வரும்.

கொடைக்கானலில்தான் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2024 முதல் 20 ரூபாய் பசுமை வரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பாட்டில் மலையேறாமல் தடுக்க உதவும், வேண்டியதுதான். ஆனால் வரி கட்டி உள்ளே வந்துவிட்ட பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர அதில் ஒரு காரணமும் இல்லை, கட்டிய காசு கட்டியதுதான். அதோடு தாகம் எடுத்தவருக்கு வேறு வழியும் வேண்டும், நீலகிரியில் குடிநீர் ஏடிஎம் வைத்த மாதிரி உங்கள் பார்க்கிங்கிலும் ஒரு குழாய் இருக்கட்டும்.

சிக்கலும் உண்டு. வாசலில் நிற்பவருக்குச் சம்பளம் வேண்டும், அதற்கு ஊராட்சி ஒரு சிறிய பார்க்கிங் கட்டணம் வாங்கலாம். சேரும் சிப்ஸ் பாக்கெட்டைக் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள், பல அடுக்கு பிளாஸ்டிக் என்பதால் அதற்கு விலையே இல்லை. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்க அனுப்புவதுதான் இப்போதைக்கு வழி, யார் ஏற்றிப் போவது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆள் வைத்துப் பொறுக்குவதை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்குக் காரணம், சிந்திய பிறகு அள்ளுவதுதான் எப்போதும் அதிகச் செலவு. உங்கள் ஊரிலேயே 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வாதமே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

அப்புறம் பணக் கணக்கு. 2010-ல் மத்திய அரசு நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய செஸ் என்ற கூடுதல் வரி 2016-ல் 400 ரூபாய் ஆனது. சுத்தமான எரிசக்திக்கு என்று வாங்கிய அந்தப் பணத்தை 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். டெல்லியிலேயே அப்படி என்றால் ஊரில் கேட்கவே வேண்டாம். டெபாசிட் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, எத்தனை ஸ்டிக்கர் போனது, எத்தனை திரும்பியது, மிச்சம் யாருக்குப் போனது என்று வாராவாரம் பார்க்கிங் போர்டில் எழுதிப் போடுங்கள். ஏப்ரல் கூட்டம் ஏறுவதற்குள் நடைமுறைக்கு வர வேண்டுமானால், ஜனவரி 26 கிராம சபையிலேயே தீர்மானம் வைத்துவிடுங்கள்.