ரேஸ் கோர்ஸ் பக்கம் இளைஞர்கள் வருவார்களா?

கேள்வி: புதுச்சேரி, கடலூர் பசங்க யாரும் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவதில்லையே, ரேஸ் கோர்ஸ்கள் இனி பிழைக்குமா?

பந்தயம் கட்டலாம் வாங்க என்று கூப்பிட்டால் வர மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், கட்டும் பணம் முழுவதுக்கும் 40 சதவீதம் ஜிஎஸ்டி, முன்பு 28. அதாவது 100 ரூபாய் கட்டினால் வரி மட்டுமே 40 ரூபாய். பந்தயம் நடத்தும் கிளப் தன் பங்கை எடுத்த பிறகுதான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும். 10,000 ரூபாய்க்கு மேல் கிடைத்தால் 30 சதவீதம் டிடிஎஸ் வேறு. இது திறமை ஆட்டம், சூது அல்ல என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி போடுகிறவர்கள் மட்டும் இன்னும் காசினோவோடு ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை காத்திருப்பு. 1,200 மீட்டர் ஓட்டம் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்ததற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பையன் மொபைலை எடுக்கிறான். அதற்கு டிஜே வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. காட்ட வேண்டிய சரக்கு பேடாக்கிலேயே இருக்கிறது. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் அந்த வளையத்தில், மைக்கோடு தமிழில் விளக்க ஒரு ஆள் போதும். பின்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரையாக வியர்வை தெரிந்தால், குதிரை பதற்றத்திலேயே சக்தியைக் கரைக்கிறது. நம்மூர் வெயிலில் கழுத்து நனைவது சகஜம், அதை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. பின் குளம்பு, முன் குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தால் நல்ல தாராளமான நடை. ஹேண்டிகேப்பில், அதாவது வாய்ப்பைச் சமமாக்க எடை ஏற்றும் பந்தயத்தில், கெட்டிக்காரக் குதிரைக்குச் சுமை அதிகம்: 56 கிலோ என்று போட்டிருந்து, ஜாக்கி சேணத்தோடு 52 இருந்தால், மீதி 4 கிலோ ஈயத் தகடாகச் சேணத்துக்கு அடியில் ஏறும். ஓடி முடித்ததும் மறுபடி தராசு. எடை குறைந்தால் ஜெயித்ததும் போச்சு. இதெல்லாம் தெரிந்தவனுக்கு அரை மணி நேரம் போதாது.

நிலத்துக்கு வருவோம். கிண்டியில் 160 ஏக்கர், ஊட்டியில் 52 ஏக்கர். 2024ல் இரண்டிலும் தமிழக அரசு கை வைத்தது. நகரத்து நடுவில் அவ்வளவு இடத்தை உறுப்பினர்களுக்கு மட்டும் பூட்டி வைத்தால் யாரும் பரிந்து பேச மாட்டார்கள். ஹாங்காங் ஹேப்பி வேலியில் புதன்கிழமை ராத்திரி பந்தயம். ட்ராக்குக்கு நடுவில் பொதுமக்கள் கால்பந்து ஆடும் மைதானங்கள். மும்பையிலும் 2024ல் 120 ஏக்கரைப் பூங்காவுக்கு விட்டு, 91 ஏக்கரைக் கிளப் தக்கவைத்துக்கொண்டது. எனக்குச் சரியாகப் படுவது இந்த வழிதான்.

புதுச்சேரியில் புது ட்ராக் கட்டும் பேச்சு வேண்டாம். ஐயனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையைத் தொட்டிராத பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது சவாரிப் பள்ளி. ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை மலிவாகக் கிடைக்கும். ஆனால் பாய்ச்சலுக்கே பழகியது, சில மாதம் மறுபயிற்சி கொடுக்காமல் குழந்தையை ஏற்றாதீர்கள். 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு 8, 9 கிலோ உலர்ந்த புல் வேண்டும். கடலூர்ப் பக்கம் வைக்கோல் மலிவு என்று அதையே போட்டால் குடல் அடைத்துக்கொண்டு வயிற்று வலி வரும். கடலோரத்தில் இன்னொரு வம்பு, மணல். தரையில் கொட்டிய தீவனத்தோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். தொட்டியில் போடுங்கள், சிந்துவது மண்ணில் விழாமல் அடியில் ரப்பர் பாய் விரியுங்கள்.