எழுவாய் மாறும் இடம்

அன்புள்ள ஐயா,

காஸாவைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கொழும்பில் 1983 ஜூலையில் எல்லாவற்றையும் இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். அடுத்த வருடம் ஜெர்மனிக்கு வந்தேன். டோர்ட்முண்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது.

ஒரு நாள் மதிய உணவு வேளையில் காஸாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மனத்தில் பட்டதைச் சொன்னேன். எதிரில் இருந்த ஜெர்மானியர் இருபது வருடமாகப் பழகியவர். முகம் சிவந்து, "இது யூத வெறுப்பு, மேலே பேசாதே" என்றார். அன்றிலிருந்து அவர் என் மேசையில் சாப்பிட உட்காருவதில்லை.

இஸ்ரேல் குண்டு போடுகிறது. இஸ்ரேல் அடுத்தவர் நிலத்தைப் பிடிக்கிறது. அதைச் சொன்னால் யூத வெறுப்பா? வாயை அடைப்பதற்காகவே செய்து வைத்த பூட்டு அல்லவா இந்தக் குற்றச்சாட்டு? ஐரோப்பாவின் வங்கிகளும் பத்திரிகைகளும் யூதர்கள் கையில் இருக்கும்வரை இங்கே உண்மையைப் பேச முடியாது என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ந., டோர்ட்முண்ட்

*

அன்புள்ள ந.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை முழுக்க உங்கள் பக்கம் நின்றே படித்தேன். இரண்டாம் முறை, முடிவுக்குச் சற்று முன்னால் கால் இடறியது. இஸ்ரேல் குண்டு போடுகிறது, இஸ்ரேல் நிலத்தைப் பிடிக்கிறது என்று வந்துகொண்டிருந்த எழுவாய், வங்கியும் பத்திரிகையும் வந்த இடத்தில் 'யூதர்கள்' ஆகிவிட்டது. நீங்கள் கவனித்து எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வங்கியும் பத்திரிகையும் யூதர் கையில் என்ற கதைக்கு இஸ்ரேலைவிட வயது அதிகம். ரஷ்யாவில் 1903-இல் ஒரு போலி ஆவணம் அச்சாயிற்று. உலகை ஆளச் சதி செய்யும் யூதப் பெரியவர்களின் கூட்டக் குறிப்பு என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. வேறொரு நூலிலிருந்து களவாடிச் செய்தது அது என்பதை லண்டன் டைம்ஸ் 1921-இல் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டிவிட்டது. இஸ்ரேல் பிறக்க இன்னும் 27 வருடம் இருந்தது. காஸாவுக்காகக் கொதிக்கிற நீங்கள் அந்த மூட்டையை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்?

இந்த எழுவாய் மாற்றம் சாதாரண ஆட்களிடம் மட்டும் நடப்பதில்லை. 1967 நவம்பர் 27 அன்று பாரிஸில் பிரெஞ்சு அதிபர் டி கோல் செய்தியாளர்களைச் சந்தித்தார். இஸ்ரேலும் அண்டை அரபு நாடுகளும் மோதிய ஆறு நாள் போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிடித்த நிலங்களில் இஸ்ரேல் ஆக்கிரமிப்பை நிறுவிக்கொண்டிருக்கிறது, ஒடுக்குமுறையும் வெளியேற்றமும் இல்லாமல் அது நடக்காது, அங்கே எதிர்ப்பு எழும், அந்த எதிர்ப்பை இஸ்ரேல் பயங்கரவாதம் என்று அழைக்கும் என்றார். ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இதில் எந்தச் சொல்லைத் திருத்துவது? ஆனால் அதே பதிலில் யூதர்களைப் பற்றியும் ஒன்றைச் சொன்னார். மேல்தட்டு மக்களினம், தன்மீது உறுதி மிக்கது, ஆதிக்கம் செலுத்துவது என்று. முன்னது ஓர் அரசைப் பற்றியது. பின்னது பாரிஸில் தையல் கடை வைத்திருக்கும் கிழவரையும் சேர்த்துக்கொண்டது.

டிம் என்ற பெயரில் வரைந்த கேலிச்சித்திரக்காரர் அதற்குப் போட்ட படம் லெ மோந்த் நாளிதழில் வந்தது. நாஜி வதைமுகாமின் வரிபோட்ட உடையில், எலும்பும் தோலுமாக, ஒரு கைதி பெருமிதத்தோடு நிமிர்ந்து நிற்கிறான். கீழே டி கோலின் சொற்கள், "தன்மீது உறுதி மிக்க, ஆதிக்கம் செலுத்தும்" என்று. வேறு விளக்கம் எதுவும் இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரேமோன் ஆரோன் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1940-இல் டி கோலை நம்பி லண்டனுக்குப் போன யூதர்களில் அவரும் ஒருவர். தன்னைப் பிரெஞ்சுக்காரர் என்றே கருதி வாழ்ந்தவரை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த ஒற்றை வரி.

தாம் சொன்னது பாராட்டு என்பதே டி கோலின் நிலைப்பாடு. அதை என்னால் நம்ப முடிகிறது. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு கட்டுரையில் யூதர்களின் வியாபார மூளையை வியந்து எழுதியிருக்கிறேன். நம் ஊரில் அது வெகு சாதாரணமான புகழ்ச்சி. 'அவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்' என்பதிலிருந்து 'அவர்கள் எல்லாரும் சதிகாரர்கள்' என்பதற்கு அரை அடி தூரம்தான். அந்தக் கட்டுரையைப் பிறகு எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

இனி உங்கள் பக்கத்து ஊருக்கு வருகிறேன். வுப்பர்டால் நகரின் பழைய யூத ஜெப ஆலயங்கள் 1938 நவம்பரில் நாஜிகளால் எரிக்கப்பட்டவை. புதியது 2002-இல்தான் திறக்கப்பட்டது. 2014 ஜூலை இறுதியில், காஸாவில் அந்த வருடப் போர் நடந்துகொண்டிருந்த ஓர் இரவில், மூன்று இளைஞர்கள் அதன்மீது பெட்ரோல் குண்டுகளை வீசினார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. மூவரும் பாலஸ்தீனப் பின்னணி கொண்டவர்கள். காஸாவின் பக்கம் கவனத்தைத் திருப்பவே செய்தோம் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2015-இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது, தண்டனையை நிறுத்தி வைத்தது. யூத வெறுப்புதான் நோக்கம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. மேல்முறையீட்டிலும் அந்தப் பார்வை மாறவில்லை.

எனக்கு இது இன்னும் விளங்கவில்லை. தூதரகத்தின் முன்னால் கொடி பிடித்திருந்தால் அது இஸ்ரேலுக்கு எதிர்ப்பு. வுப்பர்டாலின் யூதர்கள் வழிபடும் இடத்துக்கும் டெல் அவிவின் போர் அமைச்சகத்துக்கும் என்ன தொடர்பு? உள்ளே பிரார்த்தனை செய்பவர் யூதர் என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ந. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குக் கணக்குத் தீர்க்க கொழும்பில் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் வந்து நின்றவர்களிடம் நீங்கள் எந்த இயக்கத்தின் ஆதரவாளர் என்று விளக்கிக்கொண்டிருக்க முடிந்ததா?

எழுவாயை மாற்றாமலே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் பாரிஸ் தெருவில் யூதத் தத்துவவாதி அலேன் ஃபின்கெல்க்ரோட்டைச் சூழ்ந்துகொண்டு கத்தியவர்கள் "சியோனிஸ்ட்" என்றுதான் கத்தினார்கள்; யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கைக்காரர் என்று பொருள். கூடவே "டெல் அவிவுக்குத் திரும்பிப் போ", "பிரான்ஸ் எங்களுடையது" என்றார்கள். அவர் பிறந்த ஊர் பாரிஸ்.

இப்போது உங்கள் மேசைத் தோழர் பக்கம் திரும்புகிறேன். ஜெர்மன் அதிகாரிகள் பலர் செய்வதும் இதே எழுவாய் மாற்றம்தான், திசை மட்டும் வேறு. முன்னவர்கள் இஸ்ரேலைத் திட்ட ஆரம்பித்து யூதர்களில் போய் முடிக்கிறார்கள். இவர்கள் யூதர்களைக் காக்கப் புறப்பட்டு இஸ்ரேல் அரசைக் காப்பதில் போய் நிற்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் ஓர் ஆவணப்படத்துக்கு விருது கிடைத்தது. மேடையில் இருவர்: பாலஸ்தீனரான பாசெல் அத்ரா, இஸ்ரேலிய யூதரான யுவல் ஆபிரகாம். தாங்கள் இருவரும் அரை மணி நேரத் தொலைவில் வாழ்ந்தும் தனக்கு ஒரு சட்டம், அத்ராவுக்கு ஒரு சட்டம் என்று சொல்லி, அதை இனஒதுக்கல் என்றார் ஆபிரகாம். மறுநாளே ஜெர்மன் அரசியல்வாதிகள் யூத வெறுப்பு என்று கண்டித்தார்கள். கைதட்டிய பண்பாட்டு அமைச்சரின் தரப்பு, அந்தக் கைதட்டல் யூத இஸ்ரேலியருக்கு மட்டுமே என்று விளக்கம் கொடுத்தது. இருவர் சேர்ந்து நின்ற மேடையில் ஒருவரை மட்டும் பார்த்துக் கைதட்டும் வித்தையை எந்த ஊரில் கற்றார்களோ! ஆபிரகாமின் பாட்டனார் குடும்பத்தில் பெரும்பாலானோர் ஜெர்மானியரால் கொல்லப்பட்டவர்கள். ஜெர்மானியர் வைத்த பட்டத்தால் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

இந்தியாவரை நீண்ட கை இது. காஸல் நகரின் டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்கு அடுத்த இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மும்பைக் கவிஞர் ரஞ்சித் ஹோஸ்கோட்டே இருந்தார். மும்பையிலுள்ள இஸ்ரேல் துணைத் தூதரகம் இந்துத்துவத்தையும் சியோனிசத்தையும் இணைத்து நடத்திய ஒரு கூட்டத்தைக் கண்டித்து 2019-இல் வந்த மனுவில் அவர் கையெழுத்திட்டிருந்தார். ஒரு ஜெர்மன் நாளிதழ் அதை 2023-இல் தோண்டி எடுத்தது. யூத வெறுப்பாளர் என்ற சாயம் பூசப்பட்டு, நவம்பரில் அவர் விலகினார்.

காஸல் அவ்வளவு பதறியதற்கு முன்கதை உண்டு. 2022 ஜூனில் இந்தோனேசியாவின் தாரிங் பாடி குழு ஏறத்தாழ நூறு சதுர மீட்டர் அளவுள்ள துணி ஓவியம் ஒன்றை அங்கே சதுக்கத்தில் தொங்கவிட்டது. இந்தோனேசியாவை ஆண்ட சுகார்த்தோவின் கொடுங்கோலையும் அதற்குத் துணை நின்ற வெளிநாட்டு உளவு அமைப்புகளையும் பற்றி 2002-இல் வரைந்தது. நூற்றுக்கணக்கான உருவங்கள். அவற்றில் ஒன்று தலைக்கவசத்தில் மொசாத் (இஸ்ரேலின் உளவு அமைப்பு) என்று எழுதிய பன்றி முகம். இன்னொன்று காதோரம் ஆசார யூதர்கள் வளர்க்கும் சுருள்முடி, கோரைப்பல், தொப்பியில் நாஜி எஸ்.எஸ். முத்திரை. முதலாவதை ஓர் உளவு அமைப்பின் மீதான தாக்குதல் என்று வாதாடிப் பார்க்கலாம், பன்றி இடறினாலும். இரண்டாவதற்கு வாதமே இல்லை. அந்தச் சுருள்முடி எந்த அரசின் சீருடையும் அல்ல. ஜாவாத் தீவுக்காரர்கள் நேரில் பார்த்த முகமும் அல்ல. ஐரோப்பா வரைந்து கப்பலேற்றி அனுப்பிய முகம். ஓவியர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ஓவியம் ஜூன் 21 அன்று இறக்கப்பட்டது. சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூன் 14 அன்று, ஜெர்மன் உச்ச நீதிமன்றம் வேறொரு பன்றியைப் பற்றித் தீர்ப்பளித்திருந்தது. விட்டன்பர்க்கில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி லூதர் பிரசங்கம் செய்த தேவாலயத்தின் வெளிச்சுவரில், யூதர்கள் பன்றியிடம் பால் குடிப்பதாகச் செதுக்கிய பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பம் இருக்கிறது. பக்கத்தில் விளக்கப் பலகை இருப்பதால் அகற்ற வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. துணி இறங்கிற்று, கல் நிற்கிறது.

எது யூத வெறுப்பு என்பதற்கு வரையறை எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். 2016 மே மாதம் புகாரெஸ்டில் நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி ஒரு வரையறையை ஏற்றது. ஐரோப்பிய அரசுகள் பெரும்பாலும் அதைத்தான் கையில் வைத்திருக்கின்றன. அதில் 11 உதாரணங்கள், ஏழு இஸ்ரேல் தொடர்பானவை. இஸ்ரேலின் செயலுக்கு யூதர்களைக் கூட்டாகப் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு என்கிறது ஓர் உதாரணம். அது வுப்பர்டாலுக்கே எழுதியது போலிருக்கிறது. இஸ்ரேல் என்ற நாடே ஓர் இனவாத முயற்சி என்பதும் யூத வெறுப்பு என்கிறது இன்னொன்று. நிலத்தை இழந்த பாலஸ்தீனர் தன் கதையைச் சொன்னால் அதில் மாட்டிக்கொள்வார். அதன் மூல வரைவை எழுதிய கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க யூதரே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிறகு மன்றாடிக்கொண்டிருந்தார்.

ஆக, பூட்டு என்றீர்களே, பூட்டு உண்டு. திருட்டும் உண்டு. உங்கள் தோழர் அன்று எதைக் கண்டு சிவந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. காரணம், அன்று நீங்கள் சொன்ன வாக்கியம் கடிதத்தில் இல்லை. எனக்குத் தமிழில் எழுதியது போல் மேசையில் 'இஸ்ரேல்' என்று ஆரம்பித்து வங்கியில் முடித்தீர்களா? அல்லது குண்டு, குழந்தை, மருத்துவமனை என்று மட்டும் சொல்லியும் அவர் அந்தச் சொல்லை எடுத்து வீசினாரா? முதலாவது என்றால் நீங்கள் அவர் மேசைக்குப் போகலாம். இரண்டாவது என்றால் இருபது வருடப் பழக்கத்தில் அவரிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை இப்போது கேளுங்கள்: அவர் தாத்தா அந்த 1938 நவம்பரில் எங்கே இருந்தார் என்று.

எனக்குப் பதில் எழுதும்போது அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்காமல், ஜெர்மனில் சொன்னது சொன்னபடியே அனுப்புங்கள்.