‘வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை’: மனச்சோர்வும் பசியும்

இம்முறை வந்த கேள்விகளுள் உணவு தொடர்பானவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் எழுதுகிறேன். மனநல மருத்துவரிடம் வருபவர்கள் எல்லோரும் ‘மனசு சரியில்லை’ என்று தொடங்குவதில்லை. ‘சாப்பாடு இறங்கவில்லை’ என்று தொடங்கி, பத்து நிமிடம் கழித்தே அழத் தொடங்குபவர்கள் பலர்.

எனக்கு வயது 34. மூன்று மாதங்களாக மனச்சோர்வும் பதற்றமும் இருக்கின்றன. எடை 58 கிலோவிலிருந்து 53 ஆகிவிட்டது. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. பசி திரும்பும்வரை என்ன செய்வது?

பசி திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். பதற்றம் நீடிக்கும்போது மூளையில் சுரக்கும் கார்டிகோட்ரோபின் ரிலீசிங் ஹார்மோன் பசியை அடக்குகிறது. ஆபத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் ஓயாமல் விழித்திருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. மனச்சோர்வோ உணவில் இருந்த இன்பத்தையே எடுத்துவிடுகிறது. ‘மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வது மிகைப்படுத்தல் அன்று. ஆகவே பசி என்னும் மணி இப்போது பழுதாகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு கிண்ணம் அளவு போதும். பெரிய தட்டில் குவித்த சோறு தோல்வியை நினைவூட்டும். சிறிய கிண்ணம் காலியாகிவிடும்.

நாளின் எந்த வேளை உங்களுக்கு இலேசாக இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். கடுமையான மனச்சோர்வில் பலருக்குக் காலைப் பொழுது மிகவும் கனமாகவும் மாலை சற்று எளிதாகவும் இருக்கும். நம் வீடுகளில் காலையில் நான்கு இட்லியை வைத்துக்கொண்டு போராடுகிறோம். மாலை ஏழு மணிக்கு மனம் கொஞ்சம் இளகும்போது ஒரு காபியோடு முடித்துவிடுகிறோம். இதைத் திருப்பிப் போடுங்கள். காலையில் ஒரு தம்ளர் சத்துமாவுக் கஞ்சி, மாலையில் நாளின் பெரிய உணவு. மென்று விழுங்குவதைவிடக் குடிப்பது எளிது என்பதால் கஞ்சி, பருப்புத் தண்ணீர் கலந்த குழைந்த சாதம், மோர், பால், வாழைப்பழம் அடித்த பால் ஆகியவை இப்போதைக்கு உங்கள் உணவாக இருக்கட்டும். அளவு குறைவாக இருப்பதால் ஒவ்வொரு கரண்டியும் கனமாக இருக்க வேண்டும்: ஒரு தேக்கரண்டி நெய் ஏறத்தாழ 45 கலோரி தரும், ஒரு முட்டை 6 கிராம் புரதம் தரும், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை இரண்டையும் தரும். வெறும் ரசத்தை மட்டும் குடித்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று கணக்கு எழுதாதீர்கள்.

தாளிக்கும் வாசனையே சிலருக்குக் குமட்டலைக் கிளப்பும். சமைக்கும்போது அடுக்களையை விட்டு விலகி இருங்கள். சூடான உணவைவிட ஆறிய தயிர் சாதத்தில் வாசனை குறைவு என்பதால் அது எளிதாக இறங்கும். காபி பசியையும் மந்தமாக்கும், படபடப்பையும் கூட்டும். ஆதலால் உணவுக்கு முன் வேண்டாம்.

இன்னொன்று: 58 கிலோவில் 5 கிலோ என்பது எட்டு சதவீதத்துக்கும் மேல். இதை முழுக்க மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை, காசநோய், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மனச்சோர்வு இருப்பவருக்குக் காசநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைப் போட்டதிலிருந்து குமட்டல் இன்னும் அதிகம். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் செரோட்டோனின் வழியாக வேலை செய்பவை. உடலில் உள்ள செரோட்டோனினின் பெரும்பகுதி இருப்பது குடலில்தான். மாத்திரை மூளையில் பலன் காட்டுவதற்கு முன்பே வயிற்றில் தொந்தரவு காட்டுவது அதனால்தான். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் இது அடங்கிவிடும். மனத்தில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் போடுங்கள். குமட்டல் அடங்காவிட்டால் அளவைக் குறைத்துத் தொடங்கவும், மருந்தை மாற்றவும் வழியுண்டு. இரவில் கொடுக்கப்படும் மிர்டாசபின் தூக்கத்தையும் பசியையும் சேர்த்துக் கூட்டும் என்பதால், எடை குறைந்தவர்களுக்கு நாங்கள் அதைத் தேர்வு செய்வதுண்டு. எதை மாற்றுவது என்பதை எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

மருந்துக் கடையில் ‘பசி டானிக்’ என்று ஒரு சிரப் கொடுத்தார்கள். குடிக்கலாமா?

அவற்றுள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்து. பசியைச் சற்றுத் தூண்டும், நன்றாகத் தூக்கம் வரும்; மனச்சோர்வைத் தொடக்கூடச் செய்யாது. செரோட்டோனினைத் தடுக்கும் தன்மையும் அதற்கு உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

என் தந்தைக்கு வயது 72. அம்மா போனபின் ‘வாய் கசக்கிறது’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள்.

வயதானால் உணவின் அளவு குறையும். தட்டைத் தள்ளிவிடுவது முதுமையின் இயல்பு அன்று. முதியவர்கள் ‘துக்கமாக இருக்கிறது’ என்று சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். கசப்பு, வாயுத் தொல்லை, மலச்சிக்கல் என்றுதான் அது வெளிவரும். கூடவே பல்செட் உறுத்துகிறதா, வாய்ப்புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்குப் பசியைக் குறைத்து வாயில் உலோகச் சுவையைத் தரும்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைகொள்ள வைத்தது வேறு. சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுகிறாரா? சர்க்கரையை இறக்கும் கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உண்ணாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, நடுங்கி, உளறி, மயங்கி விழ நேரிடும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. அம்மா எதிரே உட்கார்ந்து பரிமாறிய மேசையில் இப்போது அவர் தனியாக உண்கிறார் அல்லவா? நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், இடத்தையும் மாற்றுங்கள்.

மகன் விடுதியிலிருந்து வந்திருக்கிறான், தேர்வுப் பயம். ஒவ்வொரு வேளையும் கெஞ்சி ஊட்ட வேண்டியிருக்கிறது.

கெஞ்சுவதை நிறுத்திவிடுங்கள் அம்மா. எத்தனை இட்லி என்று எண்ணும் கண்கள் எதிரில் இருந்தால், பதற்றத்தில் இருப்பவனுக்குத் தொண்டை இன்னும் இறுகும். உணவை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள். பாதி உண்டால் மீதியைப் பற்றி வாய் திறக்காதீர்கள். தேர்வு முடிந்தும் இரண்டு வாரத்துக்குள் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள்.

மகளுக்கு 17 வயது. சாப்பிடுவதே இல்லை. இது மனச்சோர்வா, ‘டயட்’ பைத்தியமா?

பைத்தியம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். மனச்சோர்வில் உள்ளவருக்கு உண்ணும் விருப்பம் போய்விடும், எடை குறைவதைப் பற்றி அவர் கவலைப்படுவார் அல்லது கவனிக்கவே மாட்டார். பசி இருந்தும் பருமனாகிவிடுவோம் என்ற அச்சத்தில் உண்ண மறுப்பதும், குறைந்த எடையைக் கண்டு நிம்மதி அடைவதும், உண்டதும் குளியலறைக்குப் போவதும், தளர்ந்த உடைகளுக்குள் உடலை மறைப்பதும் அனரெக்சியா போன்ற உண்ணல் கோளாறின் அறிகுறிகள். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். மாதவிலக்கு நின்றிருந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ தாமதம் வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

தண்ணீரும் இறங்காதபோது, சிறுநீர் மிகக் குறையும்போது, நிற்கக்கூட முடியாதபோது அன்றைக்கே போக வேண்டும். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே உண்ணாதவருக்கு வீட்டில் ஒரேயடியாக விருந்து வைக்காதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பு திடீரெனச் சரிந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம் என்பதால், மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையோடு சிறிது சிறிதாகத்தான் தொடங்குவோம். ‘இனிச் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது’ என்ற பேச்சைச் சலிப்பு என்று ஒதுக்காமல், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அழைத்துவாருங்கள். இரவு எந்நேரமானாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சனிக்கிழமை விரதத்தை விட மனம் வரவில்லை. தொடரலாமா?

எடை பழைய நிலைக்கு வரும்வரை வேண்டாம். மனம் உறுத்தினால், அன்றைக்கு மட்டும் வெங்காயம் பூண்டு சேர்க்காமல் பால், பழம், பொங்கல் என்று மூன்று வேளையும் உண்ணுங்கள்.